நாகைப் பெரும்பள்ளியும் நமது பள்ளிகளும்

வேலணை, சரவணை, ஊர்காவற்றுறை எல்லாம் அடங்கிய எங்கள் தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் லைடன். 1658இல் போர்த்துக்கீசரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த கையோடு, தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு ஊர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். காரைநகர் அம்ஸ்ரடாம் ஆனது. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆனது. நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற் என்று பெயர் வந்தது. அது மட்டும் இன்றைக்கும் ஆங்கிலத்தில் நிலைத்திருக்கிறது. லைடன் என்ற பெயரைப் பழைய நிலப்படங்களில்தான் தேட வேண்டும்.

தமிழ் வரலாறு படித்தவர்களுக்கு லைடன் என்ற பெயர் இன்னொரு வழியிலும் பழக்கம். சோழர் காலத்துச் செப்பேடுகளுள் பேர்போன ஒரு தொகுதிக்கு 'லைடன் செப்பேடுகள்' என்று பெயர். அவற்றில் எழுதியிருப்பது ஒல்லாந்தைப் பற்றிய செய்தியல்ல, நாகபட்டினத்தில் இருந்த ஒரு பௌத்த விகாரையைப் பற்றியது. யாழ்ப்பாணத்தைப் பிடித்த அதே 1658இல் ஒல்லாந்தர் நாகபட்டினத்தையும் பிடித்தார்கள். அந்தச் செப்பேடுகள் அவர்கள் காலத்தில் கடல் கடந்து, கடைசியில் 1862இல் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நாங்கள் தீவின் பெயரால் லைடன்காரர், அவை போய்ச் சேர்ந்த இடத்தால் லைடன்காரர்.

அந்த விகாரையின் கதையை நமது வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இந்தப் பெயர்ப் பொருத்தம் மட்டுமல்ல. ஒரு சமூகத்தின் வணக்கத்தலம் எப்படி எழும்புகிறது, எப்படிப் பாதுகாக்கப்படுகிறது, அதற்குரிய ஆட்கள் இல்லாமற் போனால் அதற்கு என்ன நடக்கிறது என்பதற்கு, நமது கடலின் இரு கரைகளிலும் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. வடக்கு முஸ்லிம்களுக்கு அந்த மூன்றாவது கேள்வி ஏட்டுக் கேள்வியல்ல.

கடாரத்து அரசன் கட்டியது

பத்தாம் நூற்றாண்டின் முடிவில் சுமாத்திராவையும் மலாயாத் தீபகற்பத்தையும் மையமாகக்கொண்டு ஸ்ரீவிஜயம் என்ற கடலரசு இருந்தது. சீனத்துக்கும் இந்தியாவுக்கும் இடையே போகிற கப்பல்கள் அதன் நீரிணைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். தமிழர் அதன் மேற்குத் துறையை வைத்து அந்த அரசனைக் 'கிடாரத்தரையன்' என்றார்கள். கிடாரம், கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா.

அந்த அரச மரபினர் சைலேந்திரர், பௌத்தர்கள். அவர்களுள் சூடாமணிவர்மன் காலத்தில் நாகபட்டினத்தில் ஒரு விகாரை எழுப்பும் வேலை தொடங்கியது. அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதை நிறைவேற்றித் தகப்பனின் பெயரை வைத்தான். அதனால் அது சூடாமணிவர்ம விகாரை. இதே சூடாமணிவர்மன் 1003இல் சீனத்துக்குத் தூதனுப்பி, சக்கரவர்த்தியின் நீண்ட ஆயுளுக்காகத் தன் நாட்டில் ஒரு பௌத்த ஆலயம் கட்டியிருப்பதாகச் சொல்லி, அதற்கு ஒரு பெயரும் மணிகளும் கேட்டதைச் சீன வரலாறு பதிந்திருக்கிறது. இந்த அரசர்களுக்கு விகாரை என்பது வணக்கத்தலமாகவும் இருந்தது, பிறநாட்டு அரசனிடம் போகிற தூதாகவும் இருந்தது.

நாகபட்டினத்தில் கிடாரத்து வணிகரும் பிக்குகளும் தங்க, தொழ, தங்கள் சரக்குக்குப் பாதுகாப்புத் தேட ஒரு இடம் தேவைப்பட்டது. ராஜராஜனுக்குக் கீழைக்கடல் வாணிபம் தேவைப்பட்டது. சிவபாதசேகரன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவன், தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் பௌத்த விகாரைக்கு ஒரு ஊரையே எழுதிக் கொடுத்தான். கொடுக்கல் ஒருபக்கமாகவும் நிற்கவில்லை. நாகபட்டினத்துக் காயாரோகணர் சிவன்கோயிலில், ராஜேந்திரன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசனின் முகவர் கொடுத்த நகைகளைப் பற்றியும் சீனப் பொன்னைப் பற்றியும் கல்வெட்டுகள் உண்டு.

ஆனைமங்கலத்து நெல்

கொடுக்கப்பட்ட ஊர் ஆனைமங்கலம். அதனால் இவற்றை ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றும் சொல்வார்கள். பெரிய தொகுதியில் 21 ஏடுகள். 5 வடமொழியில், 16 தமிழில். எல்லாவற்றையும் கோத்த வளையத்தில் சோழர் முத்திரை.

வடமொழிப் பகுதி புகழ்ச்சி. விகாரையின் உயரம் மேருமலையையும் தாழச் செய்தது என்கிற அளவுக்குப் போகிறது. தமிழ்ப் பகுதிக்கு வந்தால் சுத்தமான காணிக் கணக்கு. இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கிறபோது, பெருநாள் பிரசங்கத்திலிருந்து காணிக் கந்தோருக்குள் நுழைந்தது போல இருக்கும். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது பகுதிதான்.

ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஐ ஒட்டி, வாய்மொழியாக ஆணையிடுகிறான். அது ஓலையில் ஏறுகிறது. அதிகாரிகள் ஒப்பமிடுகிறார்கள். பிறகு ஒரு பெண்யானையை நடக்கவிட்டு ஊரின் எல்லையைச் சுற்றி வருகிறார்கள். யானை போன தடத்தில் கல்லும் கள்ளியும் நடுகிறார்கள். சுற்றியிருந்த ஊர்களின் ஆட்கள் கூட நடந்து, எல்லை சரிதான் என்று கையெழுத்து வைக்கிறார்கள். நிலம் 97 வேலிக்குச் சற்று மேலே. இன்றைய கணக்கில் 640 ஏக்கர் அளவு. அதிலிருந்து விகாரைக்குச் சேர வேண்டிய நெல் 8,943 கலமும் சொச்சமும். கலம் என்றால் 12 மரக்கால். அந்தச் சொச்சத்தையும் தூணி, குறுணி, நாழி என்று நாழிவரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ராஜராஜன் இதைச் செம்பில் வெட்டுவிக்கவில்லை. அவனுக்குப் பின் ராஜேந்திரன்தான் தகப்பனின் கொடையை நிலைப்படுத்திச் செப்பேட்டில் ஏற்றினான். அந்த ராஜேந்திரனின் படைதான் 1025இல் கடாரத்தின்மேல் போனது. அவன் காலத்தில்தான் சோழப் படை இலங்கையின் கடைசி அநுராதபுர மன்னனான ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துச் சென்றது. அந்தப் படை விகாரைகளை உடைத்துப் பொன்னையும் பொருளையும் அள்ளியதாகச் சூளவம்சம் சொல்கிறது. ஒரு கையால் நாகை விகாரைக்கு நிலத்தை உறுதிப்படுத்திய அரசு, மறு கையால் இன்னொரு நாட்டு விகாரைகளைக் கொள்ளையடித்தது. ஆகவே இந்தக் கொடையைச் சமயப் பொறை என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட முடியாது. வாணிபம், அரசியல், பக்தி மூன்றும் கலந்த ஏற்பாடு அது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடாரப் படையெடுப்புக்குப் பிறகும் பள்ளி அழியவில்லை. 1090இல், முதலாம் குலோத்துங்கன் காலத்தில், கடாரத்து அரசனின் தூதர்களாக ராஜவித்தியாதர சாமந்தன், அபிமானோத்துங்க சாமந்தன் என்ற இருவர் வந்து பள்ளிக்குரிய ஊர்களின் வரியை நீக்கித் தரும்படி கேட்கிறார்கள். குலோத்துங்கன் நீக்கிக் கொடுக்கிறான். சிறிய லைடன் செப்பேடுகள் என்கிற 3 ஏடுகள் சொல்வது இதைத்தான். சண்டையையும் தாண்டி நின்றது அந்த உறுதி.

என்னமாதிரியான கட்டடம்?

சூடாமணி விகாரையின் வரைபடம் நம்மிடம் இல்லை. கட்டடமும் இல்லை. ஆனால் நாகபட்டினத்தில் இருந்தது ஒரு தனிக் கட்டடம் அல்ல என்பது நிச்சயம். 1090ஆம் ஆண்டுச் செப்பேடு ராஜராஜப் பெரும்பள்ளி, ராஜேந்திரசோழப் பெரும்பள்ளி என்று இரண்டைச் சொல்கிறது. முதலாவதுதான் பழைய சூடாமணிவர்ம விகாரை. அரசனின் பெயரால் தமிழில் வழங்கியிருக்கிறது. பிறகு பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீனரும் வந்து கட்டினார்கள். 1349ஐ ஒட்டி எழுதிய வாங் தாயுவான் என்ற சீனப் பயணி, சமவெளியில் நின்ற ஒரு செங்கல் தூபியையும், 1267இல் வேலை முடிந்ததென்று அதில் இருந்த சீன எழுத்தையும் குறித்திருக்கிறார். அந்த இடம் நாகபட்டினம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைக்கும் நின்றது ஒரு கோபுரம். பட்டினத்துக்கு வடக்கே ஒன்றிரண்டு மைல் தூரத்தில் இருந்தது. ஐரோப்பியர் அதைச் சீனக் கோயில் என்றார்கள். சமணக் கோயில், கறுப்புக் கோயில், பழைய கோயில் என்றும் பெயர்கள் இருந்தன. ஊராருக்கு அது புதுவெளிக் கோபுரம். 1846இல் சேர் வால்டர் எலியட் அதை நேரில் பார்த்து விவரம் எழுதி வைத்தார். அந்த விவரமும் ஒரு படமும்தான் இன்றைக்கு மிச்சம்.

எலியட் கண்டது ஏறக்குறையச் சதுரமான, மூன்று அடுக்குள்ள ஒரு செங்கற் கோபுரம். கற்கள் சாந்து இல்லாமலே ஒன்றோடொன்று இறுகப் பொருத்தப்பட்டிருந்தன. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் வெளியே நீண்ட பிதுக்க வரிகள். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வாசலோ சாளரமோ போல ஒரு திறப்பு. கீழடுக்கின் மேல்முனையில், உட்சுவரில், மேல்மாடியின் தளம் பொருந்தியிருந்த அடையாளம் இருந்தது. தளம் இல்லை. உச்சி திறந்து கிடந்தது. சிற்பமோ எழுத்தோ அவர் கண்ணுக்குப் படவில்லை.

இந்தச் சிறு விவரத்திலிருந்து இரண்டு விஷயங்களை ஊகிக்கலாம். தமிழ்நாட்டுக் கோயில் விமானங்களில் தளம் என்பது பெரும்பாலும் வெளித்தோற்றத்துக்கானது. வரிவரியாக ஏறிக்கொண்டு போகும். உள்ளே மனிதர் நின்று பார்க்கிற மாடி இராது. நாகைக் கோபுரத்திலோ மாடி உண்மையாகவே மாடி. செங்கற் கூட்டுக்குள் மரத்தளம் போட்டு அடுக்குவது சீனத்துச் சோங் காலத் தூபிகளில் உள்ள முறை. மரம் உக்கிப் போக, செங்கற்கூடு மட்டும் நின்றிருக்க வேண்டும். இரண்டாவது, எலியட் பார்த்தது ராஜராஜன் காலத்து விகாரையாக இருக்க வேண்டியதில்லை. 1267ஆம் ஆண்டுச் சீனத் தூபியாக இருப்பதற்கே கூடிய பொருத்தம். அப்படியானால் கிடாரத்தார் தொடங்கிய வளாகத்தில், இரண்டரை நூற்றாண்டு கழித்துச் சீனர் தங்கள் பாணியில் ஒன்றை எழுப்பியிருக்கிறார்கள். வந்த வந்த கப்பல்காரர் எல்லாரும் ஒரே வெளியில் தங்கள் கையால் ஏதோ ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

'பள்ளி' என்ற சொல்

வகுப்பில் ஒருநாள் இந்தச் செப்பேட்டுச் செய்தியைச் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டான்: "சேர், பெரும்பள்ளி எண்டால் பெரிய பள்ளிக்கூடமோ, பெரிய பள்ளிவாசலோ?"

கேள்வி நியாயமானது. தமிழில் பள்ளி என்ற சொல்லுக்குப் படுக்கை, தங்குமிடம் என்பது பழைய பொருள்களுள் ஒன்று. துறவிகள் தங்கிய இடம் பள்ளி ஆனது. சமணரும் பௌத்தரும் தங்கள் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பித்தபடியால் அது பள்ளிக்கூடம் ஆனது என்பார்கள். சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலத்துக்குச் சோழர் கணக்கில் பெயர் 'பள்ளிச்சந்தம்'. ஆனைமங்கலமும் பள்ளிச்சந்தம்தான். பிராமணருக்கு விட்டால் பிரமதேயம், சிவன், திருமால் கோயில்களுக்கு விட்டால் தேவதானம் என்று வகை பிரித்து எழுதினார்கள்.

பிறகு நாம் வந்தோம். நமது தொழுமிடத்தை என்ன சொல்லி அழைப்பது என்ற கேள்வி தமிழுக்கு எழுந்தபோது, கோயில் என்று சொல்லவில்லை. மசூதி என்ற பிறமொழிச் சொல்லோடு நிற்கவும் இல்லை. கையில் இருந்த 'பள்ளி'யை எடுத்துத் தந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த ஒரு பள்ளிவாசலுக்கு நிலம் விட்டதைச் சொல்கிறது. அதன் பெயர் பிழார்ப் பள்ளி, சோனகச் சாமந்தப் பள்ளி. அந்தக் கல்வெட்டு இருப்பது திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில். நாகைக்குத் தூது வந்த பௌத்தர்களும் சாமந்தர், இங்கே பள்ளி கட்டிய சோனகரும் சாமந்தர். மார்க்கம் வேறு, அரசு அவர்களுக்கு வைத்திருந்த மரியாதைப் பெயரும் தலத்துக்கு வைத்திருந்த பெயரும் ஒன்று. இன்றைக்கும் நமது பிறப்புச் சான்றிதழில் 'இலங்கைச் சோனகர்' என்றுதானே எழுதுகிறார்கள். அந்தச் சொல் அவ்வளவு பழையது.

பௌத்தரும் சமணரும் விட்டுப்போன வெற்றிடத்தில் நாம் குடியேறினோம் என்று இதைக் கொச்சையாக விளங்கிக்கொள்ளக் கூடாது. இரண்டும் ஒரே காலத்தில் இருந்தவை. பிழார்ப் பள்ளிக்கு நிலம் விட்ட அதே நூற்றாண்டில்தான் நாகையில் சீனத் தூபி எழும்பியது. தமிழில் பள்ளி என்ற சொல்லுக்குள் பல மார்க்கத்தார் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள்.

நடுவில் எங்கள் துறை

நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 60 கடல்மைல். 2023 ஒக்டோபரில் அந்த வழியில் மறுபடி பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியபோது புதுமை மாதிரிப் பேசினார்கள். பழைய காலத்தில் அந்தப் போக்குவரத்தின் இக்கரைத் துறைகளுள் முக்கியமானது ஊறாத்துறை. இன்றைய ஊர்காவற்றுறை. சரவணையிலிருந்து சைக்கிளில் போகலாம்.

முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) நயினாதீவில் வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டு இந்தத் துறையைப் பற்றியது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் பதிப்பித்திருக்கிறார். பிறதேசத்து வணிகர் ஊறாத்துறைக்கு வர வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது ஆணை. கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் கெட்டால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கொண்டுவந்த மரக்கலம் கெட்டால் சரிபாதி. யாரென்று தெரியாத பிறநாட்டானுக்கும் அவன் சரக்கில் உரிமை உண்டு என்று ஒரு பௌத்த சிங்கள மன்னன் தமிழில் எழுதி வைக்கிறான். குதிரை வாணிபத்தில் சோனகர் பெரிதும் ஈடுபட்ட காலம் அது. அந்த ஆணை நம் முன்னோரையும் காத்திருக்கும் என்று எண்ண இடமுண்டு.

இதே கடல்வழியின் இன்னொரு முனையில், திருகோணமலைக்கு வடமேற்கே பெரியகுளத்தருகே, மற்றொரு ராஜராஜப் பெரும்பள்ளி இருக்கிறது. சிங்களத்தில் வெல்கம் விகாரை. தமிழர் நாதனார் கோயில் என்று சொல்லி வந்தார்கள். 1929இல் அது தொல்லியல் திணைக்களத்தின் கவனத்துக்கு வந்தது. 1953இல் பேராசிரியர் பரணவிதான அகழ்ந்தார். அங்கே பத்துக்கும் மேற்பட்ட தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்தன. விளக்கெரிக்கப் பசுக்களைக் கொடுத்தவர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. பள்ளியின் பெயர் பொறித்த வெண்கல விளக்கும் கிடைத்தது. அநுராதபுர காலத்திலிருந்தே இருந்த ஒரு விகாரைக்குச் சோழர் காலத்தில் தமிழர் கொடை கொடுத்து, தங்கள் அரசனின் பெயரையும் சேர்த்து அழைத்திருக்கிறார்கள்.

இந்த நாட்டில் ஒரு பழைய பௌத்தச் சின்னம் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தால் ஒரு பக்கம் சந்தோஷம், மறுபக்கம் பயம். 'இது சிங்களவரின் நிலம்' என்பதற்கு அத்தாட்சியாக ஒரு தரப்பு அதைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பயத்தினாலேயே தமிழ் பேசுகிற நாங்கள் அதைக் காணாததுபோல் கடந்து போகிறோம். பெரியகுளத்துக் கல்வெட்டுகள் இரண்டு பேருக்கும் பாடம். பௌத்தம் தமிழிலும் இருந்தது. வீரசோழியம் என்ற இலக்கணத்தை எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். மணிமேகலையில் வரும் மணிபல்லவம் நயினாதீவுதான் என்று வாதிடுகிற அறிஞர்களும் உண்டு. ஒரு தலத்தின் மார்க்கத்தை வைத்து அங்கே தொழுதவர்களின் மொழியையோ இனத்தையோ முடிவுகட்ட முடியாது. தமிழைத் தாய்மொழியாகக்கொண்டும் தமிழர் என்று எண்ணப்படாத நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கோபுரம் விழுந்த விதம்

நாகைப் பள்ளிகளைப் போர் அழிக்கவில்லை. சோழருக்குப் பின்னும் அவை நெடுங்காலம் இருந்தன. 1476இல் பர்மாவின் பெகு மன்னன் தம்மசேதி வெட்டுவித்த கல்யாணிக் கல்வெட்டில் ஒரு செய்தி இருக்கிறது. இலங்கைக்கு உபசம்பதை பெற வந்து திரும்பிய பிக்குகளின் கப்பல் உடைந்தது. அவர்கள் கால்நடையாக நாகபட்டினம் போய்ப் பதரிகாராமம் என்ற இடத்தைக் கண்டு, சீனத்து மகாராஜா அமைப்பித்த குகையில் இருந்த புத்தரை வணங்கினார்களாம். அங்கே பிக்குகள் யாராவது அவர்களை எதிர்கொண்டதாகச் செய்தி இல்லை.

அதன்பின் போர்த்துக்கீசர், 1658இல் ஒல்லாந்தர், 1781இல் ஆங்கிலேயர். பள்ளிக்கு உரிமை சொல்ல ஒரு ஆள் ஊரில் இல்லை. ஆனைமங்கலத்து நெல் யாருக்கோ போயிற்று. அதன் உறுதிப்பத்திரமான செப்பேடு ஒல்லாந்துக்குப் போயிற்று. இடத்துக்குப் பெயரே மாறி, சீனருடையதோ சமணருடையதோ என்று ஊகிக்கிற நிலை வந்தது.

அந்த வெளியில் கத்தோலிக்க இயேசுசபைத் துறவியர் கல்லூரி நடத்தினார்கள். 1856இல் அங்கே ஒரு பெரிய இலுப்பை மரத்தைத் தறித்தபோது வேரடியில் புத்தர் திருமேனிகள் கிடைத்தன. ஒன்றின் பீடத்தில் தமிழ் எழுத்து: ஆகமபண்டிதர் உய்யக்கொண்டநாயகர் என்று பெயர். 1859இல் துறவியர் கோபுரத்தை இடிக்க அனுமதி கேட்டார்கள். அரசாங்கம் உடனே இணங்கவில்லை. திருத்தலாமா என்றும் யோசித்தது. யோசனை யோசனையாகவே இருந்தது. 1867 ஓகஸ்டில் அனுமதி கிடைத்தது. கோபுரம் இடிக்கப்பட்டது. எலியட்டின் கட்டுரை அச்சில் வந்தது 1878இல். அப்போது அந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

இதற்காக ஒரு மார்க்கத்தாரைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. அவர்களுடைய கண்ணுக்கு அது ஆளில்லாத பழஞ்சுவர், விழுந்தால் ஆபத்து, கல்லும் உபயோகம். அந்தக் காலத்தில் யார் கையில் இருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். கோபுரத்தின் உண்மையான அழிவு அதற்கு முன்னூறு ஆண்டுக்கு முந்தியே, 'இது எங்களுடையது' என்று சொல்ல ஒருவர் இல்லாமற்போன நாளில் தொடங்கிவிட்டது.

1856 தொடங்கி 1934 வரை அந்த மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்தத் திருமேனிகள் வெளிவந்தன. பல சென்னை எழும்பூர் அரும்பொருட்காட்சியகத்தில் இருக்கின்றன. மற்றவை உலகமெங்கும் சிதறிவிட்டன. டி. என். ராமச்சந்திரன் 1954இல் அவற்றைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பல கையடக்கமானவை, ஏழையும் செய்வித்துக் கொடுக்கக்கூடிய அளவு. தலையில் சுடர் வைத்த புத்தர்கள், இலங்கைத் திருமேனிகளை நினைவூட்டுகிறவை. கட்டடத்தைக் காப்பாற்ற ஆளில்லை; ஆனால் யாரோ சிலர் கடைசி நேரத்தில் இவற்றைக் கவனமாகப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நாகூரும் நாமும்

இடிந்த கோபுரத்துக்கு வடக்கே சில மைல் போனால் நாகூர். யாழ்ப்பாண முஸ்லிம்களின் வீடுகளில் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயர் தெரியாத பிள்ளை இல்லை. அங்கே நிற்கிற ஐந்து மினாராக்களுள் உயர்ந்தது 131 அடி. அதைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். பௌத்தப் பள்ளிக்குச் சைவ அரசன் ஊர் கொடுத்த அதே கடற்கரையில் இந்து மன்னர் ஒருவர் மினாரா எழுப்பினார். இரண்டுக்கும் பிறரின் நல்லெண்ணம் கிடைத்தது. ஒன்று இல்லை, மற்றது நிற்கிறது. வித்தியாசம், நாகூரில் ஒவ்வொரு நாளும் விளக்கேற்ற ஆள் இருக்கிறது என்பதுதான்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து நாங்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் படித்து வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். போர்நிறுத்த காலத்தில் வாப்பா முதன்முதல் ஊருக்குப் போய் வந்தார். பள்ளியின் கூரை போனதையோ கிணறு தூர்ந்ததையோ அவர் பெரிதாகச் சொல்லவில்லை. "கட்டலாம் மகன்," என்றார். அவரை வருத்தியது வேறு. பள்ளிக் காணியை வக்பு செய்தவர் யார், எல்லை எதுவரை, உறுதி எங்கே என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய பெரியவர்கள் அகதி முகாம்களிலேயே மௌத்தாகிப் போயிருந்தார்கள். பக்கத்துக் காணிக்காரர் ஒருவர், இந்து, வேலியோரம் காட்டி "இதுவரைக்கும் உங்கடை" என்று சொன்னதை வைத்துத்தான் பழைய எல்லையைப் பிடித்தார்கள். ஆனைமங்கலத்தில் அயலூரார் நடந்து காட்டிய எல்லை மாதிரி.

வக்பும் பள்ளிச்சந்தமும் சட்டத்தில் ஒன்றல்ல. ஆனால் இரண்டும் காப்பாற்றப்படுகிற விதம் ஒன்று. எழுதி வைத்த உறுதி வேண்டும், எல்லை தெரிந்த அயலவர் வேண்டும், உரிமை சொல்ல ஜமாஅத் வேண்டும். இதில் மூன்றாவது இல்லாமற்போன காலத்திலும் முதல் இரண்டும் இருந்தால் திரும்பி வருகிறவனுக்கு வழி உண்டு. நாகைப் பள்ளியின் உறுதி ஒல்லாந்துக்குப் போயிற்று, அயலவரின் நினைவு அறுந்து போயிற்று, ஆட்கள் எங்கே என்றே தெரியாது.

ஆகவே இந்த இதழின் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தீவுப்பகுதியிலும் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் உள்ள நமது பள்ளிகளின் விபரங்களை இப்போதே திரட்ட வேண்டும். நயினாதீவுப் பள்ளி, மண்கும்பான் பள்ளி போன்ற சிறிய பள்ளிகளுக்கு முன்னுரிமை. காணி உறுதியின் பிரதி, வக்பு செய்தவர் பெயர், எல்லை நான்கு, மையவாடியின் அளவு, மீஸான் கட்டையில் உள்ள எழுத்து, பழைய படம், எண்பது வயதுப் பெரியவர் ஒருவரின் வாய்மொழி. இவற்றோடு அயலவர் இருவரின் சொல்லையும் பதிய வேண்டும். அவர்கள் தமிழ்ச் சைவராகவோ கத்தோலிக்கராகவோ இருப்பார்கள். அந்தச் சாட்சிக்குத்தான் பெறுமதி கூட. பாடசாலைப் பிள்ளைகளைக்கொண்டே இதைச் செய்விக்கலாம். க.பொ.த. உயர்தரத்தில் தமிழும் வரலாறும் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செயற்றிட்டம் வேறில்லை.

அப்படிப் போகிற பிள்ளைகள் வழியில் ஒரு பழைய பௌத்தச் சின்னத்தைக் கண்டால் அதையும் குறித்துக்கொண்டு வரட்டும். கந்தரோடையில் சிறு தூபிகளின் கூட்டம் இருக்கிறது, நெடுந்தீவிலும் தூபி எச்சங்கள் இருக்கின்றன. உரிமை கோருவதற்காகப் போக வேண்டாம், ஒளிப்பதற்காகவும் வேண்டாம். ஒரு காலத்தில் தமிழில் அவற்றுக்கும் பெயர் பள்ளி.